கண்ணாடித் தொட்டியும் கொல்லா விரதமும்

உயிர்களிடத்தில் அன்பு செலுத்துவது அறம் என்பதில் நம்முள் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், அன்பு செலுத்தும் உயிரை நம் வீட்டிலேயே, நம் கண்முன்னேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறோமே, அவ்விருப்பமும் அன்பின்பாற் பட்டதுதானா? கிளியைக் கூண்டில் அடைத்தவரைக் கேட்டால், அதன்மேல் கொண்ட அன்பினால்தான் வளர்க்கிறேன் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. பழமும் நீரும் தவறாமல் வைக்கிறார். கிளிக்கு நோய் கண்டால் உறக்கமின்றி வருந்துகிறார். எனினும் கூண்டின் கதவு மூடியே இருக்கிறது. அன்பும் மூடிய கதவும் ஓரிடத்தில் எவ்வாறு நிற்கின்றன என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட வினா. இவ்வினா நமக்குக் கிளிக்கூண்டின் முன் எழவில்லை. கடலைத் தாங்கி நின்ற ஒரு கண்ணாடித் தொட்டியின் முன் எழுந்தது.

வீட்டினுள் ஒரு கடல்

2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வாழும் நம் தம்பி மகன் இல்லத்தில் சில திங்கள் தங்கியிருந்தோம். கூடத்தின் ஒரு சுவர் முழுவதையும் ஆறடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று நிறைத்திருந்தது. அதில் ஏறத்தாழ 450 லிட்டர் உப்புநீர். நீருக்குள் பாறைகள், பாறைகளின்மேல் ஊதாவும் பச்சையும் செந்நிறமுமாகப் பவளங்கள், அவற்றின் இடையே வெண்பட்டை அணிந்த இரு கோமாளி மீன்கள், எலுமிச்சை நிறத் தட்டை மீன் ஒன்று, சிறு நத்தைகள், பாசி மேயும் நண்டுகள். இல்லத்திற்கு வரும் விருந்தினர் அனைவரும் தொட்டியின் முன் ஒரு கணம் நின்று, ‘பிரமாதம்!’ என்று கூறிவிட்டே அமர்வர்.

இத்தகைய தொட்டியை அமைத்துக் காப்பது எளிய செயலன்று. குழாய்நீரை அப்படியே பயன்படுத்தினால் அதிலுள்ள செம்பின் சிறு அளவும் நத்தை, நண்டு, பவளம் ஆகியவற்றைக் கொன்றுவிடும். ஆதலின் நுண்சவ்வின் வழியே வடித்துத் தூய்மையாக்கிய நீரில், அதற்கென விற்கும் உப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு என்பது கணக்கு. நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கி அளவு ஏறிவிடுமாதலின், நாள்தோறும் குறைந்த அளவிற்கு நன்னீர் ஊற்ற வேண்டும். வெப்பம் 25 பாகை செல்சியசை ஒட்டியே நிற்க வேண்டும். பவளம் தன் கூட்டைக் கட்டுவதற்குச் சுண்ணச்சத்து வேண்டும். லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாது அதைக் காக்க வேண்டும். நீர் ஓயாது அசைந்துகொண்டிருக்கப் பம்புகள். கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்க ஒரு கருவி. கதிரவனுக்கு ஈடாக விளக்குகள்.

இவை யாவும் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதது ஒன்று உண்டு. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கிறது. பாறையின் நுண்துளைகளில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனைக் கொடுமை குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் மீனை விடலாகாது. பொறுமையற்றவர்கள் முதல் வாரத்திலேயே விட்டுவிட்டுப் பின்னர், விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்பர். நம் மகன் ஆறு வாரங்கள் வெறும் பாறையையும் நீரையும் பார்த்துக்கொண்டு காத்திருந்ததாகக் கூறினார்.

இக்கலை தோன்றி நெடுங்காலம் ஆகவில்லை. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து உயிர் நிறைந்த பாறைகளைக் கொணர்ந்து தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழிகளை மட்டும் செலுத்திப் பவளங்களை வாழவைத்த முறையை 1961ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். பின்னர் ஜெர்மனியின் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள், பாறையோடு நுரைப்பிரிப்பியையும் ஒளிமிகு விளக்கையும் சேர்த்து அம்முறையைச் செம்மைப்படுத்தினர். இன்று உலகெங்கும் இல்லங்களில் நிற்கும் பவளத் தொட்டிகள் பெரும்பாலும் அவ்வழியில் வந்தவையே.

பவளம் கல்லன்று

பவளத்தைக் கல் என்றும் மணி என்றும் எண்ணிப் பழகியோர் நம்மில் பலர். அது விலங்கினத்தைச் சேர்ந்தது. மிகச் சிறிய வாயும், அதைச் சுற்றி மெல்லிய உணர்கொடிகளும் உடைய ஆயிரக்கணக்கான உயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாழும் ஊர் அது. அவற்றின் தசையினுள் கண்ணுக்குப் புலனாகாத பாசி வாழ்கிறது. பாசி ஒளியை உண்டு உணவாக்கி, அதில் பெரும்பகுதியைப் பவளத்திற்கு அளிக்கிறது. பவளம் அதற்கு இருப்பிடமும் கழிவிலுள்ள சத்தும் அளிக்கிறது. கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு பாகை மிகுந்து சில வாரங்கள் நீடித்தால் இவ்வுறவு முறிந்து, பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடுகிறது. வெப்பம் தணியாவிடில் மடிகிறது.

பழைய சைன நூல்கள் பவளத்தை நிலத்தையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களின் வரிசையில் வைத்தன. இக்கால உயிரியலின் வகைப்பாடு வேறு. அவ்வேறுபாட்டைக் குறித்து இங்கு வாதிட வேண்டுவதில்லை. உலகத்தார் பலரும் அதனை உயிரற்ற பொருளாகக் கருதிய காலத்திலேயே, அதன்பால் நடந்துகொள்ளும் முறைக்கும் அறம் உண்டு என்று நம் முன்னோர் கருதினர் என்பது ஒன்றே நமக்குப் போதுமானது.

ஆறு நாள் இருள்

அவ்வாண்டு அக்டோபர் 29ஆம் நாள் மாலை ‘சாண்டி’ என்னும் பெரும்புயல் நியூஜெர்சிக் கரையைத் தாக்கியது. இலட்சக்கணக்கான இல்லங்களில் மின்சாரம் நின்றது. நாம் தங்கியிருந்த இல்லமும் அவற்றுள் ஒன்று. பம்புகள் ஓய்ந்தன, நீர் அசைவற்றுக் குளம்போல் நின்றது. அசையாத நீரில் உயிர்வளி விரைந்து குறையும். வெளியே குளிர், அத்தொட்டியில் வாழ்ந்தவையோ வெப்பக் கடலின் உயிர்கள்.

நம் மகன் அன்றிரவு உறங்கவில்லை. ஒரு குவளையால் நீரை முகந்து, ஓரடி உயரத்திலிருந்து மீண்டும் தொட்டியிலேயே ஊற்றினார். அவ்வாறு ஊற்றும்போது காற்று நீரில் கலக்கும். கால்மணிக்கு ஒருமுறை, விடியும்வரை. அடுத்த இரவு முறை வைத்துக்கொண்டோம். நள்ளிரவு முதல் மூன்று மணிவரை நம் பங்கு. எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் ஏற்றி, வெந்நீரைப் புட்டிகளில் அடைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டோம். கம்பளிகளால் கண்ணாடியைப் போர்த்தினோம். மூன்றாம் நாள் நண்பர் ஒருவரிடமிருந்து ஜெனரேட்டர் கிடைத்தது. ஆனால் பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. நவம்பர் 3ஆம் நாள் முதல் 12 மாவட்டங்களில் வண்டி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா எனப் பார்த்தே பெட்ரோல் வழங்கினர். குளிரில் நான்கு மணி நேரம் வரிசையில் நின்று அவர் ஒரு கலம் பெட்ரோலோடு திரும்பிய காட்சி இன்றும் நம் கண்முன் நிற்கிறது.

ஆறாம் நாள் இரவு விளக்கு எரிந்தது. அதற்குள் கல்பவளங்கள் யாவும் தசை கழன்று வெள்ளெலும்பாகியிருந்தன. மடிந்தவை அழுகி நீரை நஞ்சாக்க, எலுமிச்சை நிற மீனும் மடிந்தது. கோமாளி மீன் இரண்டும், மென்பவளம் சிலவும், நத்தைகளும் எஞ்சின. நம் மகன் தொட்டியின் முன் தரையில் அமர்ந்து, வெகுநேரம் கழித்து, “பெரியப்பா, இவற்றை நான்தான் கொன்றேனா?” என்று கேட்டார்.

ஆறுதலுக்காக, ‘இல்லையப்பா, புயல் கொன்றது’ என்று கூறியிருக்கலாம். நாவில் வந்தது, ஆனால் கூறவில்லை. அவர் ஆறுதலை வேண்டிக் கேட்கவில்லை. விடையை வேண்டிக் கேட்டார். விடை அப்போது நம்மிடம் இல்லை.

கவனக்குறைவு எங்கே இருந்தது?

ஹிம்சை என்பது உயிர் போவது மட்டுமன்று, பிரமாதத்தால் உயிருக்கு ஊறு செய்வதே ஹிம்சை என்பது நம் அறநூல்களின் துணிபு. இன்று பேச்சு வழக்கில் ‘பிரமாதம்’ என்றால் மிகச் சிறப்பு என்று பொருளாகிவிட்டது. சாத்திரத்தில் அதன் பொருள் சோர்வு, கவனமின்மை, ஆசைவயப்பட்டு மறத்தல் என்பதாகும். நிலம் நோக்கி விழிப்புடன் நடக்கும் முனிவரின் அடியில் எதிர்பாராது ஒரு சிற்றுயிர் மடிந்தால் அவரைக் கொலைப்பழி சாராது. விழிப்பின்றி நடப்பவன் காலடியில் ஒன்றும் மடியாவிடினும் அவன் ஹிம்சைக்கு உட்பட்டவனே.

இவ்வளவுகோலால் அளந்தால், அந்த ஆறு நாளில் நம் மகனிடம் பிரமாதம் எள்ளளவும் இல்லை. ஒரு தாய் நோயுற்ற குழந்தையைப் பார்ப்பதுபோல் அவர் அத்தொட்டியைப் பார்த்ததை நாம் அருகிருந்து கண்டோம். அவ்வாறாயின் அவர் குற்றமற்றவர் என்று முடித்துவிடலாமா? இங்கேதான் நம் சிந்தனை தடைப்பட்டது. ஆறு நாளை மட்டும் ஏன் அளக்க வேண்டும்? அவ்வுயிர்களின் மூச்சு, சுவரிலுள்ள ஒரு மின்கம்பியைச் சார்ந்து நிற்கும் நிலை எப்போது உண்டாயிற்று? புயலன்று அன்று, அவற்றை விலைகொடுத்து வாங்கிய அன்று. கடலில் வாழும் மீனின் மூச்சு மின்நிலையத்தைச் சார்ந்ததன்று. புயல் வருகையில் அது ஆழத்திற்குச் செல்லும். பேணுதலில் விழிப்பு இருந்தது. விரும்புதலில் விழிப்பு இல்லை. விருந்தினர் ‘பிரமாதம்’ என்று புகழ்ந்தபோது, தாம் அறியாமலே அச்சொல்லின் பழைய பொருளையும் சேர்த்துச் சொன்னார்கள் போலும்.

அந்த எலுமிச்சை நிற மீனையே எடுத்துக்கொள்வோம். அவ்வகை மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்து வளர்ப்பதில் ஹவாயிலுள்ள ஆராய்ச்சியாளர்கள் முதன்முதல் வெற்றி கண்டது 2015ஆம் ஆண்டில்தான். ஆகவே 2012இல் கடைகளில் விற்ற ஒவ்வொன்றும் கடலிலிருந்து பிடித்து வந்ததே. நன்னீர் அலங்கார மீன்கள் பெரும்பாலும் பண்ணைகளில் வளர்பவை. கடல்மீன்களோ பெரும்பாலும் இன்றும் கடலில் பிடிக்கப்படுபவை. பிலிப்பைன்ஸ் தீவுகளில் 1960களில் ஒரு கொடிய முறை தோன்றிப் பிற நாடுகளுக்கும் பரவிற்று. சயனைடு கரைசலைப் பவள இடுக்குகளில் பீய்ச்சி, மயங்கி வெளிவரும் மீனைப் பிடிப்பர். பிழைத்த மீன் விற்பனைக்குச் செல்லும். சுற்றியுள்ள பவளமும் சிற்றுயிர்களும் அங்கேயே மடியும். வாங்குபவர் இல்லத்தில் வண்ணமீன் நீந்துகிறது. அதன்பொருட்டு மடிந்தவற்றை அவர் காண்பதில்லை.

இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளில் மட்டும் இயற்கையாக வாழும் ஒரு சிறு மீன் உண்டு. ஆண்மீன் முட்டைகளையும் பின்னர்க் குஞ்சுகளையும் தன் வாயிலேயே வைத்துக் காத்து, அந்நாட்களில் உணவையும் துறக்கும். 1990களின் நடுவில் மீன் வளர்ப்போர் அதன் அழகை அறிந்தனர். அதன்பின் அளவின்றிப் பிடிக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. அதனை அழிக்க எவரும் விரும்பவில்லை. அழகென்று விரும்பினார்கள், அவ்வளவே.

அவிழும் முடிச்சு

அஹிம்சா அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. அவற்றுள் முதலாவது பந்தம், அதாவது கட்டி அடைத்தல். அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் ஆகியவை ஏனைய நான்கு. இல்லறத்தார் இவற்றை நோக்கும்போது ஓர் ஐயம் எழுவது இயல்பு. உழவர் குடியில் பிறந்த நாம் மாட்டைக் கட்டாமல் எவ்வாறு வாழ்வது?

நம் சிற்றூர்களில் பெரியோர் இதற்கு ஒரு நடைமுறை வைத்திருந்தனர். தொழுவத்தில் மாட்டைக் கட்டும்போது, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகக் கட்ட வேண்டும். தீப்பிடித்தால், வெள்ளம் வந்தால், சிறுவன்கூட ஓடிச்சென்று கயிற்றின் நுனியை இழுத்து மாட்டை விடுவிக்க இயல வேண்டும். நம் தந்தையார் இம்முடிச்சை நமக்குக் கற்றுக்கொடுத்த நாளில், அது கயிற்று வேலை என்றே எண்ணினோம். அறுபது ஆண்டு கழித்து, அயல்நாட்டில், மின்சாரமற்ற கூடத்தில் குவளையால் நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அது அறம் என்று விளங்கிற்று. கட்டுபவன் அவிழ்க்கும் வழியையும் உடன் வைத்திருக்க வேண்டும். அவிழ்க்க இயலாத கட்டு எதுவோ, அதைக் கட்டுமுன் பன்முறை எண்ண வேண்டும்.

பவளத் தொட்டி அத்தகைய அவிழாத கட்டு. புயலன்று அவற்றை எங்கே விடுவிப்பது? நியூஜெர்சிக் கடலின் குளிரில் வெப்பக்கடல் உயிர்கள் வாழா. வெப்பமான கடலாயினும் விடுவது அறமாகாது. இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்குரிய சிங்கமீன், அமெரிக்காவின் புளோரிடாக் கடலில் 1985ஆம் ஆண்டில் முதன்முதல் காணப்பட்டது. வளர்த்தவர்கள் விடுவித்தவற்றிலிருந்தே அது பெருகியது என்பர் ஆய்வாளர். இன்று கரீபியன் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள சிறுமீன்களைத் தின்று தீர்க்கிறது. மீன்தொட்டிகளில் அழகுக்கு வளர்த்த ஒருவகைக் கடற்பாசி, 1984ஆம் ஆண்டில் மொனாக்கோவின் கரையோரம் காணப்பட்டு, பின்னர் மத்தியதரைக் கடலின் பரந்த தரையைப் போர்த்திவிட்டது. விடுவித்தவர் உள்ளத்தில் இரக்கமே இருந்திருக்கலாம். அவ்விரக்கம் எண்ணிறந்த உயிர்களுக்குக் கேடாக முடிந்தது.

கடையில் வாடி நிற்கும் மீனைக் கண்டு மனம் பொறாது, காப்பாற்றும் எண்ணத்தோடு வாங்கி வருவோரும் உளர். நம் மகனும் ஒருமுறை அவ்வாறு செய்ததாகக் கூறினார். அடுத்த வாரம் அக்கடைக்குச் சென்றபோது, அதே இடத்தில் அதே வகை மீன் வேறொன்று வாடி நின்றதாம். விழா நாட்களில் பறவைகளை விலைகொடுத்து வாங்கிப் பறக்கவிடுகிறோம். வலை வீசுபவனுக்கு அது புண்ணியமாகத் தெரிவதில்லை. அடுத்த விழாவிற்கான முன்பணமாகத் தெரிகிறது.

நம் மருமகளின் மனக்குறை ஒன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கது. சூரியன் மறைந்தபின் உண்ணாத இல்லம் அது, கிழங்கும் சமைப்பதில்லை. ஆனால் கோமாளி மீன்களுக்கு உறையவைத்த சிற்றிறால் வேண்டியிருந்தது. சமையற்கட்டினுள் அது வரலாகாது என்று மருமகள் உறுதியாக நின்றமையால், வண்டி நிறுத்தும் அறையில் அதற்கெனத் தனிக் குளிர்பெட்டி இருந்தது. “பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டோம் மாமா, பாவத்தை எங்கே தள்ளி வைப்பது?” என்று அவர் கேட்டார். கடலில் மீன் இறாலைத் தின்பது அதனதன் வினை. அவ்விறாலைப் பிடிக்கச் சொல்லி விலைகொடுப்பது நம் செயல். ஊன் உண்ணும் உயிர்களை வளர்ப்பதில் இல்லறத்தாருக்குத் தயக்கம் வேண்டும் என்று சிராவக ஒழுக்கம் கூறுவதன் காரணம் இப்போது விளங்கும்.

மறுப்பாரும் உளர்

மறுபக்கத்தையும் கூறுவது நேர்மை. தொட்டியில் மீனுக்குப் பகையில்லை, பசியில்லை, கோமாளி மீன் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்ததுண்டு என்பர். உண்மை. ஆயினும் நீண்ட வாழ்வுக்காக விடுதலையை விற்பதா என்ற பேரத்தை மீன் நம்மோடு செய்யவில்லை. அதன் சார்பில் நாமே விலை பேசி, நாமே இசைந்துகொண்டோம்.

மற்றொரு வாதம் இதனினும் வலியது. பவளத்தை வீட்டில் வளர்த்தவரே அதனை உயிரென உணர்ந்தனர். உணர்ந்தவரே கடலைக் காக்க முன்வருவர் என்பது அது. இதில் பெரும் உண்மை உண்டு. 2023ஆம் ஆண்டுக் கோடையில் புளோரிடாவின் கடல்நீர் கொதித்தாற்போல் வெப்பமுற்றது. ஆழமற்ற ஒரு விரிகுடாவில் ஜூலைத் திங்களில் 38 பாகைக்கு மேல் பதிவாயிற்று. பவளங்கள் வெளுத்து மடியத் தொடங்கவே, ஆய்வாளரும் தொண்டர்களும் ஆயிரக்கணக்கான பவளத் துண்டுகளைக் கடலிலிருந்து எடுத்து, கரையிலுள்ள தொட்டிகளில் வைத்துக் காத்தனர். எத்துணை ஒளி, எத்துணைச் சுண்ணம், எத்துணை நீரோட்டம் வேண்டும் என்ற அறிவில் ஒரு பங்கு, பல்லாண்டுகளாக இல்லங்களில் தொட்டி வளர்த்தோர் தேடிய அறிவே.

அதுவும் கண்ணாடித் தொட்டி. இதுவும் கண்ணாடித் தொட்டி. வேறுபாடு யாது? அங்கே கட்டும்போதே அவிழ்க்கும் நாளையும் எண்ணிக் கட்டினார்கள். கடல் குளிர்ந்ததும் மீண்டும் கடலில் சேர்ப்பதற்காகவே எடுத்தார்கள். இங்கே நாம் கூடத்தின் அழகுக்காகக் கட்டுகிறோம். அவிழ்க்கும் நாள் என்று ஒன்று நம் கணக்கில் இல்லை. பரிக்கிரகங்களை எண்ணிய நம் முன்னோர் நிலம், வீடு, பொன், தானியம் ஆகியவற்றோடு கால்நடைகளையும் சேர்த்து எண்ணினர். உயிருள்ளதை உடைமையாக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதே அதன் கருத்து.

அயல்நாட்டாரைச் சுட்டிப் பேசி நாம் தப்பிவிடவும் இயலாது. நம் மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கு அருகே நெடுங்காலம் பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் பயன்படுத்தினோம். அங்குள்ள 21 தீவுகளுள் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. 2001ஆம் ஆண்டில்தான் கல்பவளங்கள் அனைத்தும் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே, கடலிலிருந்து ஒரு பவளத் துண்டை எடுப்பதும் விற்பதும் இங்குக் குற்றம். சட்டம் தடுக்குமுன் நம் அறம் தடுத்திருக்க வேண்டும்.

இனி என் செய்வது?

நம் மகனுக்கு நாம் அளித்த விடை சில நாள் கழித்தே உருவாயிற்று. “அந்த ஆறு நாளில் நீ கொல்லவில்லை. ஆனால் அவை உன் கையில் மடியும் நிலையை நீ உண்டாக்கினாய். முன்னதற்காக வருந்தாதே, பின்னதை மறவாதே” என்றோம். எஞ்சிய உயிர்களை என்ன செய்வது என்று கேட்டார். கடலில் விடவும் ஆகாது. கடையில் திருப்பித் தரவும் ஆகாது. கட்டியவர் கடமை கட்டு உள்ளளவும் உண்டு. அவை தம் இயல்பான ஆயுள் முடியும்வரை, முன்னிலும் விழிப்பாகக் காப்பதே அவர் செய்யத்தக்க பிராயச்சித்தம் என்றோம்.

இத்தகைய தொட்டியில் விருப்பமுடைய இளைஞர்கள் நம் சமூகத்திலும் இன்று உளர். தொட்டியே ஆகாது என்று ஒரே சொல்லில் அவர்களை விலக்க நாம் முற்படவில்லை. விலக்கினால் கேட்பார் எவர்? ஆனால் விலைகொடுக்குமுன் நான்கு வினாக்களைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம். இவ்வுயிர் எங்கிருந்து, எம்முறையில் வந்தது? மின்சாரம் மூன்று நாள் நின்றால் இதனைக் காக்க என்னிடம் வழி உண்டா? இதற்கு உணவிடுவதற்காக வேறெவ்வுயிரைக் கொல்விக்கிறேன்? இது இருபது ஆண்டு வாழ்ந்தால் நானும் இருபது ஆண்டு இதனோடு கட்டுண்டிருக்க இசைவேனா? மண்டபத்திலும் விழிஞ்சத்திலுமுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையங்களில் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனம்பெருக்கும் முறை கண்டறியப்பட்டுள்ளது. அவ்வாறு பிறந்தவை கடலிலிருந்து பறிக்கப்பட்டவை அல்ல. முதல் வினாவிற்கு அது விடையாகும். ஏனைய மூன்றிற்கும் விடை ஆகாது.

நான்கிற்கும் தெளிந்த விடை கிடைக்காதவர், கடற்கரைக்குச் சென்று கடலைக் கண்டு மகிழ்ந்து திரும்புவதே நன்று. கண்டு மகிழ்வதற்கு உடைமையாக்கிக்கொள்ள வேண்டுவதில்லை.

நம் மகன் அதன்பின் கடலில் பிடித்த எவ்வுயிரையும் வாங்கவில்லை. மின்சாரம் நின்றால் பம்பு மட்டும் ஓடுவதற்கு ஒரு மின்கலம் வைத்துள்ளார். ஊருக்கு வரும்போதெல்லாம், தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்த பின்னரே பயணச்சீட்டு வாங்குகிறார். சென்ற ஆண்டு தொலைபேசியில் பேசியபோது, கோமாளி மீன்கள் இரண்டும் நலமாக இருப்பதாகக் கூறினார். தொட்டியில் பாதி வெறும் பாறையாகவே இருக்கிறதாம். வருவோர் எவரும் இப்போது ‘பிரமாதம்’ என்பதில்லை என்று சிரித்தார். நாமும் சிரித்தோம், உள்ளம் நிறைந்தது.